எம்டனும் ஒரு ஈதர்நெட் வயரும்

லேப்டாப்ல ஈதர்நெட் வயரைச் செருகினா நெட் வயருக்கு மாறிடும், பிடுங்கினா வைஃபைக்குத் தாவிடும். நாம எந்தப் பட்டனும் அழுத்துறதில்லை. உள்ளே ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண் இருக்கு, அதுக்குப் பேரு மெட்ரிக். எண் குறைவான பாதைக்கே முன்னுரிமை. லினக்ஸில் இருக்கும் நெட்வொர்க் மேனேஜர் வழக்கமா வயருக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கும். வயர் இருக்கும்வரை வைஃபை சும்மா காத்திருக்கும்.

வயரும் வயர்லெஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஏன் முக்கியம்? இதைச் சொல்ல ராயபுரத்தை ஒட்டிய நம்ம துறைமுகத்துக்கே போகணும்.

1914 செப்டம்பர் 22, இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றும் அதற்கொரு கல்வெட்டு இருக்கு. நம்ம ஊர்ல கில்லாடியை "சரியான எம்டன்"னு சொல்றதும் அங்கிருந்து வந்ததுதான்.

எம்டனின் பலமே காதுதான். தான் அதிகம் பேசாம, மத்த கப்பல்களின் வயர்லெஸ் பேச்சைக் கேட்டுக்கிட்டே இந்தியப் பெருங்கடலைச் சுத்திச்சு. காற்றில் போகிற செய்தியை யார் வேணும்னாலும் கேட்கலாம். கேட்கிறவனே அதைக் கெடுக்கவும் செய்யலாம். ஆனா கடலடியில் கேபிள் போட்டிருந்தா? மதராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும் 1871-லேயே கடலடித் தந்தி இருந்தது. கப்பலில் உட்கார்ந்தபடி அதைக் கெடுக்க முடியாது. கேபிளையே பிடிச்சு வெட்டணும்.

அந்த வேலைக்குத்தான் நவம்பர் 9 காலையில் எம்டன் கோக்கோஸ் தீவுகளுக்குப் போச்சு. அங்கே டைரக்‌ஷன் தீவில் ஒரு தந்தி நிலையம், ஒரு வயர்லெஸ் கோபுரம், மூணு கடலடி கேபிள்கள். எம்டனுக்கு ஒரு போலிப் புகைபோக்கி உண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி காட்டுறதுக்காக. நிலையத்தார் அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. உடனே வயர்லெஸ்ஸில் அபாயச் செய்தி, கேபிளிலும் செய்தி. எம்டன் காற்றுச் செய்தியைக் குழப்பப் பார்த்தது. தாமதமாகிவிட்டது.

மியூக்கே என்ற அதிகாரி 50 பேருடன் இறங்கினார். கோபுரத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தில் விழாம பார்த்துக்கோங்கன்னு நிலையத்தார் கேட்டதாகவும், அவர் சரின்னதாகவும் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான். பெர்த் போகும் கேபிளை வெட்டினாங்க. இன்னொன்று, ஏமாற்றுக்காகவே போட்டிருந்த போலிக் கேபிள். கேபிளை வெட்டுறதுக்கு ஆன நேரம்தான் எம்டனைக் கொன்றது. செய்தியைக் கேட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி 9 மணிக்கு மேல வந்து சேர்ந்தது. பதினொன்றரைக்குள் எம்டன் பாறையில் தரைதட்டிக் கிடந்தது. 130 பேருக்கு மேல் செத்தாங்க. கரையில் இருந்த மியூக்கே கூட்டம் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் தப்பிச்சது தனி எபிசோட்.

தீவில் இருந்தது ரெண்டு வெவ்வேறு பாதை. ஒண்ணைக் கெடுத்தாலும் இன்னொண்ணு பேசும். நம்ம லேப்டாப் ஆட்டோமேட்டிக்கா மாறுதேன்னு நிம்மதியா இருக்கோம். ஆனா வீட்டில் வயரும் வைஃபையும் ஒரே ரவுட்டரில் இருந்துதான் வருது, அந்த ரவுட்டருக்கு வெளியே ஒரே ஃபைபர். தெருவில் தோண்டுறவங்க அதை வெட்டினா, லேப்டாப் எதுக்கு மாறினாலும் அதே செத்த பாதைதான். முக்கியமான இன்டர்வியூ இருக்கும்போது போனின் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் முன்கூட்டியே சேமிச்சு வைங்க. மாறும் நேரத்தில் ஐபி முகவரி மாறும், கால் ஒரு தடவை அறுந்து திரும்ப வரும், பரவாயில்லை.