ஆணியில் தொங்கிய சிறுத்தை

1982 ஆவணி. வெள்ளவத்தையிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் தாண்டி, ஹுனுவிலகம வாசலால் வில்பத்துக்குள் நுழைந்தோம். அப்பாவின் கமெராவில் ஒரேயொரு பிலிம் றோல், முப்பத்தாறு படம். மானுக்கும் மயிலுக்கும் நான் முப்பத்தொன்றைச் செலவழித்துவிட்டதில் அவருக்குக் கோபம்.

வில்பத்து 1905இல் சரணாலயமாகி, 1938இல் தேசியப் பூங்காவானது. 'வில்லு' என்றால் மழைத் தண்ணீர் தேங்கும் ஆழமில்லாத குளம். வெயில் காலத்தில் தண்ணீரைத் தேடி மான் வரும், மானைத் தேடிச் சிறுத்தை வரும். இலங்கைக் காட்டில் வேங்கையும் இல்லை, சிங்கமும் இல்லை. விரட்ட ஆளில்லாத சிறுத்தை பட்டப்பகலிலும் வண்டிப்பாதையில் படுத்துக் கிடக்கும். அன்றும் கிடந்தது. வழிகாட்டி எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார். மிச்சமிருந்த ஐந்தில் நாலு, கை நடுங்கிப் பழுதாயின.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்ரூடியோவில் கழுவி, நல்லதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். நெகட்டிவ் அங்கேயே கிடந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் கடையோடு எரிந்தது.

பிறகு யுத்தம். 1988 முதல் 2003 வரை வில்பத்து பூட்டியே கிடந்தது. திறந்தும் நிலைக்கவில்லை, 2006இல் உள்ளே போன பயணிகள் கண்ணிவெடியில் இறக்க, மறுபடி பூட்டு. எங்கள் சிறுத்தைக்கு 1956இல் விலங்கியலாளர் தெரணியகல வைத்த விஞ்ஞானப் பெயரில் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கொழும்பில் அப்போது வேறு அர்த்தம்: விடுதலைப் புலி.

1996இல் ஒருநாள் இரவு வீட்டில் சோதனை. அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய் சுவரைப் பார்த்தான்.

"கொட்டியாத?"

ஒருவரும் மூச்சுவிடவில்லை. "வில்பத்துவே" என்றார் அப்பா. அவன் துவக்கைத் தோளில் சரித்துக்கொண்டு, கிட்டப் போய் மீசை மயிர்வரை பார்த்தான். தான் இன்னும் நேரில் கண்டதில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான். அம்மா அன்றிரவே படத்தைக் கழற்றி அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்தா. ஆணியில் கலண்டர் ஏறியது.

2010இல் காடு திறந்தது. இரண்டு வருஷம் கழித்து மருமகனோடு போனேன். அவன் ஒரே நாளில் நானூறு படம் எடுத்தான், கை நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்து கலண்டரைக் கழற்றினேன். ஆணி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் பாரம் தாங்கியது.