ஏலப் பதிவேட்டின் சாட்சியம்

நூலின் பெருமையை அதன் பொருளாழத்தால் அளப்பது நம் மரபு. இன்ன நூல் இத்தனை ரூபாய்க்கு விலைபோயிற்று என்று பேசுவோரைப் புலவருலகம் சற்றே ஏளனமாக நோக்கி வந்துள்ளது. ஆயினும், அரிய அச்சு நூல்கள் எங்கே, எந்நாளில், யார் கைக்கு, என்ன விலைக்கு மாறின என்று குறித்து வைத்த பட்டியல்கள் வணிகர்க்கு மட்டும் உரியவை அல்ல. ஆங்கில இலக்கிய உலகையே நாற்பது ஆண்டுக்காலம் ஏமாற்றிய ஒருவரை அகப்படுத்தியதில் இத்தகைய பட்டியல்களுக்கும் பங்கு உண்டு. அவ்வரலாற்றைக் கூறி, நம் தமிழ் நூல்களின் நிலையையும் சிறிது நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் நூல் ஏலம் 1676ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் நூல்விலை என்பது ஊரெங்கும் பேசப்படும் செய்தியானது 1812ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17ஆம் நாளிலேயாகும். அன்று ராக்ஸ்பர்க் கோமகனின் நூலகத்திலிருந்து, 1471இல் வெனிஸ் நகரில் வால்டார்ஃபர் அச்சிட்ட பொக்காச்சியோவின் 'டெக்காமெரான்' ஏலத்திற்கு வந்தது. ஸ்பென்சர் பிரபுவும் பிளாண்ட்ஃபோர்டு பிரபுவும் ஒருவரையொருவர் விஞ்சிக் கேட்டனர். இறுதியில் பிளாண்ட்ஃபோர்டு 2,260 பவுனுக்கு அதனைப் பெற்றார். ஏழே ஆண்டுகளில், 1819இல், அவருடைய நூல்களே ஏலத்திற்கு வந்தன. அப்போது அதே படி 918 பவுனுக்கு விலைபோயிற்று. சென்று சேர்ந்ததோ முன்பு தோற்ற ஸ்பென்சரின் நூலகத்திற்கே! இன்று அது மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளது. விலையை மட்டும் காண்போர் நூலின் மதிப்புச் சரிந்தது என்பர். இரு பதிவுகளையும் சேர்த்துப் படிப்போர், 1812இல் கொடுக்கப்பட்டது நூலின் விலையன்று, இரு செல்வர்தம் பிடிவாதத்தின் விலை என்று உணர்வர்.

இவ்வாறு சேர்த்துப் படிப்பதற்கு வாய்ப்பாக ஆண்டுதோறும் விலைப் பதிவேடு தொகுக்கும் வழக்கம் லண்டனில் 1887ஆம் ஆண்டின் ஏலங்களிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் 1895இலும், லண்டனிலேயே வேறொரு தொகுப்பாக 1903ஐ ஒட்டியும் இம்முயற்சிகள் பெருகின. நூலின் பெயர், பதிப்பாண்டு, கட்டடம், குறைந்த ஏடுகள், முன்னாள் உடைமையாளர், ஏலநாள், விலை ஆகிய இவையே அவற்றின் உள்ளடக்கம். கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கும் சலிப்பூட்டக்கூடிய பக்கங்கள் அவை. ஆனால் பொய்யன் ஒருவன் அஞ்ச வேண்டியது இத்தகைய சலிப்பூட்டும் பக்கங்களுக்கே.

தாமஸ் ஜேம்ஸ் வைஸ் (1859–1937) என்பவர் லண்டனில் வாசனை எண்ணெய் வணிக நிலையம் ஒன்றில் எழுத்தராக வாழ்வு தொடங்கியவர். (எங்கள் எழுத்தர் குலத்துக்கு இவரால் பெருமை சேர்ந்தது என்று கூற வழியில்லை.) ஷெல்லி, பிரௌனிங், டென்னிசன் முதலிய கவிஞர்களின் முதற்பதிப்புகளைத் திரட்டிப் பெரும் நூலகம் அமைத்தார். கவிஞர்களின் நூலடைவுகளைத் தாமே தொகுத்து வெளியிட்டார். நூலியல் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். முதற்பதிப்பு எது என்ற ஐயம் எழுந்தால் அவர் சொல்லே முடிந்த முடிபாகக் கொள்ளப்பட்டது.

எலிசபெத் பாரெட் பிரௌனிங் தம் கணவர்பால் கொண்ட காதலைப் பாடிய 'போர்த்துகீசியரின் சானெட்டுகள்' 1850இல் வெளியானது யாவரும் அறிந்தது. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, 1847இல், ரெடிங் நகரில் தனிப்பட அச்சிட்ட சிறு நூல் ஒன்று உண்டு என்று வைஸ் தம் நூலடைவில் எழுதினார். அதன் படிகளும் சேகரிப்போர் கைகளுக்கு வந்தன. முதற்பதிப்புக்கு முந்திய பதிப்பு என்றால் விலைக்குக் குறைவேது? இவ்வகைச் சிறு நூல்கள் ஏறத்தாழ ஐம்பது.

ஜான் கார்ட்டர், கிரகாம் பொல்லார்டு என்னும் இரு இளம் புத்தக வணிகர்கள் இவற்றை ஐயுற்றனர். 1934இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் நீதிமன்ற வாதம் போன்றது. தாளை உருப்பெருக்கியில் ஆராய்ந்தனர். எஸ்பார்ட்டோ புல் இங்கிலாந்துத் தாளில் கலந்தது 1861 முதல். வேதிமுறையில் பக்குவப்படுத்திய மரக்கூழ் கலந்தது 1874 முதல். 1847இன் நூலிலோ அம்மரக்கூழ் இருந்தது! அச்செழுத்தின் வடிவமும் 1880க்குப் பிற்பட்டது. இவ்விரு சான்றுகளும் பலராலும் பாராட்டப்பட்டவை. என் கருத்தில், இவற்றுக்கு நிகராக வைக்கத்தக்கது மூன்றாவது சான்று; அதுவே ஏலப் பதிவு. உண்மையான முதற்பதிப்பென்றால் அச்சான காலந்தொட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைமாறியிருக்கும். கவிஞர் நண்பருக்குக் கையொப்பமிட்டு அளித்த படி ஒன்றேனும் வெளிப்பட்டிருக்கும். இந்நூல்களோ நாற்பது ஆண்டு ஒரு சுவடுமின்றி இருந்துவிட்டு, நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளை ஒட்டித் திடீரென்று, புத்தம் புதியனவாய், எழுத்தோ கறையோ படாதனவாய்ச் சந்தையில் தோன்றுகின்றன. எங்கிருந்து வந்தன? வைஸின் அலுவலகத்தில் முன்னாளில் ஏவலராக இருந்து பின்பு புத்தகம் விற்ற ஒருவர், தாம் விற்றவையெல்லாம் வைஸிடமிருந்தே வந்தவை என்று கூறினார்.

மானநட்ட வழக்குக்கு அஞ்சி இருவரும் வைஸைக் குற்றவாளி என்று நேராக எழுதவில்லை; எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1937இல் மறைந்தார். அவருக்குத் துணைநின்றவர் அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மன் என்பது 1945இல் வெளியான கடிதத்தால் உறுதிப்பட்டது. அரசு ஊழியர்க்கு ஓய்வு நேரம் மிகுதி என்பாருக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகிவிட்டது!

விலைப் பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது என்பதும் உண்மையே. வணிகர் பலர் கூடிப் பேசிவைத்து, ஏலத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடாமல் குறைந்த விலைக்கு எடுத்து, பின்னர்த் தமக்குள் மறு ஏலம் நடத்திய வழக்கம் இருந்தது. இதனைத் தடுக்க 1927இல் இங்கிலாந்தில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. தனியார்க்குள் நடக்கும் விற்பனையோ பதிவேட்டிற்கே வருவதில்லை.

முன்னர் அலமாரி அலமாரியாகப் புரட்ட வேண்டியிருந்த இப்பதிவுகள் இன்று கணிப்பொறித் திரட்டுகளில் அடங்கிவிட்டன. கட்டணம் செலுத்தி நூலின் பெயரை இட்டால் நூறாண்டு விற்பனை நொடியில் எதிரே நிற்கிறது. அமெரிக்காவில் 1640இல் அச்சான சங்கீத நூல் 1947இல் 1,51,000 டாலருக்கும், அதன் வேறொரு படி 2013இல் 1 கோடியே 41 லட்சம் டாலருக்கும் மேலாகவும் போயின. இடைப்பட்ட 66 ஆண்டுகளில் ஒரு படியும் ஏலத்திற்கு வரவில்லை. எஞ்சியவை பதினொரே படிகள் என்பதை அறிந்தோர்க்கு இந்நீண்ட இடைவெளியின் காரணம் விளங்கும்.

டெக்காமெரான் ஏலம் போன அதே 1812ஆம் ஆண்டில்தான் சென்னையில் திருக்குறள் மூலபாடம் அச்சேறியது. நம்மிடம் பதிவேடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1865இல் ஜான் மர்டாக் பாதிரியார் தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்தி அட்டவணை வெளியிட்டார். 1867இன் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம், நூலின் பெயர், மொழி, ஆசிரியர், அச்சிட்டோர், பக்கம், அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை, விற்கும் விலை ஆகியவற்றைக் குறித்து மூன்று திங்களுக்கொரு முறை அரசிதழில் வெளியிடப் பணித்தது. எத்தனை படி, என்ன விலை என்னும் அவ்விரு பத்திகளுக்கு ஆராய்ச்சியாளர் என்றும் கடமைப்பட்டவர். 2024 மார்ச்சு முதல் நாளில் அச்சட்டம் நீங்கிப் புதியது வந்தது. அது பருவ இதழ்களோடு நின்றுவிட்டது. நூல்களை நூலகங்களுக்கு அளிக்கும் 1954இன் சட்டம் மட்டும் தொடர்கிறது.

ஆனால் இவையெல்லாம் நூலின் பிறப்புப் பதிவுகளேயன்றோ? அச்சகத்தை விட்டுச் சென்றபின் அது கைமாறிய வரலாற்றை ஆண்டுதோறும் தொகுக்கும் பதிவேடு தமிழுக்கு உருவாகவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போன்றோர் தேடித் திரட்டியதால் பல நூல்கள் பிழைத்தன. அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. மூர் மார்க்கெட்டில் விற்ற பழைய நூல்களின் கதையோ 1985இன் தீயோடு முடிந்தது. நாளை ஒருவர் பழந்தாளில் ஒரு 'முதற்பதிப்பை' அச்சிட்டுக் கொணர்ந்தால், இதுவரை எங்கே இருந்தது என்று கேட்க நம்மிடம் எந்த ஏடு உள்ளது? பழைய நூல் வாங்கும் தமிழ்ச் சங்க நூலகங்களேனும், வாங்கிய நாள், இடம், விலை, படியின் நிலை, முன்னாள் உடைமையாளர் பெயர் ஆகியவற்றைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். தம் பட்டியல்களை ஆண்டுக்கொருமுறை பகிர்ந்துகொள்ளலாம்.

இப்போது நடப்பது வேறு. பழைய நூலின் அட்டை உட்புறத்தில் பென்சிலால் எழுதிய விலையை, அடுத்து வாங்கும் வணிகர் அழிப்பானால் துடைத்துவிட்டுத் தம் விலையை எழுதுகிறார்.