கணவனோ மனைவியோ விமானப் பயணத்தைக் கைவிட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

பாறசாலை: தம்பதியராக முன்பதிவு செய்த விமானப் பயணத்திலிருந்து ஒருவர் விலக நேர்ந்தால், 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற நிபந்தனையுடைய பயணச்சீட்டிலும் ஒரு பகுதித் தொகையைத் திரும்பப் பெறலாம்.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகளின்படி, அடிப்படைக் கட்டணம் கிடைக்காவிட்டாலும், சட்டப்பூர்வ வரிகளையும் விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும். சீட்டை ரத்து செய்யாமல் பயணி வராதிருந்தாலும் இது பொருந்தும். பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியினருக்கு அருகிலுள்ள திருவனந்தபுரம் விமான நிலையத்தில், உள்நாட்டு விமானத்தில் புறப்படுவோருக்கான மேம்பாட்டுக் கட்டணம் 2024 ஜூலையில் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இருவருக்கும் ஒரே பிஎன்ஆர் எண் இருப்பின், முழு முன்பதிவையும் ரத்து செய்யத் தேவையில்லை. எண்ணைப் பிரித்துத் தருமாறு நிறுவனத்திடம் கோரி, விலகுபவரின் சீட்டை மட்டும் ரத்து செய்யலாம். அல்லது மாற்றக் கட்டணமும் கட்டண வேறுபாடும் செலுத்தித் தேதியை மாற்றலாம். மலிவுக் கட்டணச் சீட்டுகளில் மாற்றக் கட்டணம் சில வேளைகளில் சீட்டின் விலையையே எட்டிவிடும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுப்பது நல்லது. விலகியவரின் சீட்டில் உறவினர் எவரும் பயணிக்க இயலாது.

முகவர் வழியாகச் சீட்டு எடுத்திருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. அத்தொகையை அடுத்த பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பமே. நிறுவனம் தானாக முடிவு செய்ய இயலாது.