எல்லை தாண்டும் குற்றமும் எல்லையில் நிற்கும் சட்டமும்

மனிதனை மனிதன் விற்பது பழங்காலத்தோடு முடிந்துபோன கதை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அடிமைச் சந்தைகள் இன்று இல்லைதான். ஆனால் வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் சென்று, கடப்பிதழைப் பறித்துக்கொண்டு, கடனைக் காட்டி மிரட்டி உழைப்பை உறிஞ்சும் வணிகம் ஓயவில்லை. அதைத் தடுக்க மலேசிய அரசு பிற நாடுகளோடு கைகோத்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது அவசியம்.

இது நம் சமுதாயத்திற்குப் புதிய பாடம் அல்ல. ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை மலாயாவுக்குச் சேர்க்கும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதன் பிறகும் தொடர்ந்தது. 1922இல் இந்தியா கொண்டுவந்த குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அதன் பிரதிநிதி ஒருவர் கோலாலம்பூரில் இருந்து தோட்டத் தொழிலாளரின் நலனைக் கவனித்தார். கூலிப் பிரச்சினை முற்றியபோது, 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதையே இந்தியா தடை செய்தது. ஆள் அனுப்பும் நாடும் ஆள் பெறும் நாடும் சேர்ந்து கவனிக்காவிட்டால் தொழிலாளிக்குப் பாதுகாப்பில்லை என்பதை அன்றே கண்டோம்.

உலக நாடுகள் இதற்கென ஒரு பொது இலக்கணம் வகுத்தது 2000ஆம் ஆண்டில்தான். ஐக்கிய நாடுகள் மன்றத்தின் பலெர்மோ நெறிமுறை மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டு செல்வது, அதற்கு ஏமாற்றோ வன்முறையோ பயன்படுத்துவது, சுரண்டுவதை நோக்கமாகக் கொள்வது. இம்மூன்றும் இருந்தால், "அவனே சம்மதித்துத்தானே வந்தான்" என்ற சாக்கு எடுபடாது. குழந்தைகள் என்றால் ஏமாற்றியதைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை.

மலேசியா 2007இல் மனித வணிகத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 2008 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. 2009இல் நாடு பலெர்மோ நெறிமுறையில் இணைந்தது. 2010இல் ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்தும் குற்றமும் இதே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பாதிக்கப்படுபவர் ஒரு மனிதர். பின்னதில் மீறப்படுவது நாட்டின் எல்லை. இவை குழம்பிப்போனால், காப்பாற்றப்பட வேண்டியவரே கள்ளக் குடியேறியாகத் தடுப்பு முகாமில் அடைக்கப்படுவார். மீட்கப்பட்டவர்கள் வெளியே சென்று வேலை பார்க்க வழிசெய்யும் திருத்தம் 2015இல்தான் வந்தது.

வாங் கெலியான் தந்த அதிர்ச்சி

அதே 2015இல்தான் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் மலைக்காட்டில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டெடுக்கப்பட்டதாகக் காவல்துறை மே மாதம் அறிவித்தது. ரோஹிங்யா, வங்காளதேச மக்களை அடைத்து வைத்துப் பணம் பறித்த கும்பல்களின் வேலை இது. எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலும் இத்தகைய புதைகுழிகள் அதே மாதம் வெளிப்பட்டன. ஒரே காடு, ஒரே கும்பல். ஆனால் விசாரணை மட்டும் இரண்டு.

தாய்லாந்து நீதிமன்றம் 2017இல் 62 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஒரு படைத் தளபதிக்கும் 27 ஆண்டுச் சிறை கிடைத்தது. நம் பக்கத்தில் அரச விசாரணை ஆணையம் 2019இல் அமைந்தது. அதன் அறிக்கை 2022இல் வெளியானது. முகாம் 2015 ஜனவரியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது ஆணையத்தின் முன் சாட்சியமாக வந்தது. தாய்லாந்து ஒப்படைத்த நால்வர் கங்கார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது 2023 ஜூனில். புதைகுழி தெரிந்து எட்டு ஆண்டுகள்! இதற்குள் எத்தனை சாட்சிகள் எந்தெந்த நாட்டுக்குப் போயிருப்பார்கள்?

ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. குற்றவியல் விவகாரங்களில் சட்ட உதவி பரிமாறிக்கொள்ளும் ஆசியான் உடன்படிக்கை 2004இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. மனித வணிகத்திற்கு எதிரான ஆசியான் ஒப்பந்தமும் 2015 நவம்பரில் இதே நகரில்தான் கையெழுத்தாகி, 2017 மார்ச்சில் அமலுக்கு வந்தது. கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் நெறிமுறையை மலேசியா 2022இல் ஏற்றது. அமெரிக்க வெளியுறவு அமைச்சின் ஆண்டறிக்கையில் 2021, 2022 ஆண்டுகளில் கடைநிலைக்குத் தள்ளப்பட்ட நாடு, 2024இல் இரண்டாம் நிலைக்கு ஏறியது.

நிலை ஏறியது நல்ல செய்திதான். ஆனால் ஒப்பந்தத்தின் வெற்றியை அறிக்கையில் பார்க்கக் கூடாது. சாட்சி ஊர் திரும்புவதற்குள் அவரது வாக்குமூலம் பதிவானதா, எல்லையின் அந்தப் பக்கத்து அதிகாரி கேட்ட ஆவணம் இந்தப் பக்கத்திலிருந்து உடனே போனதா என்பதில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 2022 முதல் நம் நாட்டு இளைஞர்களே கொழுத்த சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியா, மியன்மார் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். ஆள் பெறும் நாடாக மட்டும் இருந்த நாம், ஆளை இழக்கும் நாடாகவும் ஆனோம். நம் பிள்ளையை மீட்க அயல்நாட்டு அதிகாரி விரைந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் ஊர் உணவகத்திலும் தோட்டத்திலும் கடப்பிதழ் இல்லாமல் உழைக்கும் அயலாருக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவளும் அதையேதான் எதிர்பார்ப்பாள்.