ஒரு காந்த அணுவும் எலக்ட்ரான் கடலும்

உலோகத்தைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதன் மின்தடை குறையும். அணுக்களின் அதிர்வு அடங்கியபின் மாசுகள் தரும் தடை மட்டும் மிஞ்சி, மாறாமல் நிற்க வேண்டும். 1934-இல் லைடன் ஆய்வகத்தில் டி ஹாஸ் குழுவினர் தங்கத்தை அளந்தபோது நடந்தது வேறு. சில கெல்வின் அளவுக்கு இறங்கியதும் தடை மீண்டும் ஏறத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் இதற்குக் காரணம் தெரியவில்லை.

1964-இல் ஜப்பானிய அறிஞர் ஜுன் கோண்டோ அதைக் கண்டார். குற்றவாளி, தங்கத்தில் மிகச் சொற்பமாகக் கலந்திருந்த இரும்பு போன்ற காந்த அணு. சாதாரண மாசு எலக்ட்ரானின் போக்கைத்தான் திருப்பும். காந்த அணுவோ எலக்ட்ரானின் தற்சுழற்சியைப் புரட்டும்போது தானும் புரளும். அடுத்து வரும் எலக்ட்ரான் சந்திப்பது அந்தப் புரண்ட அணுவை. ஒன்றையொன்று அறியாத எலக்ட்ரான்கள் இவ்வாறு அந்த அணுவின் வழியே பிணைகின்றன. கணக்கை வழக்கத்தைவிட ஒரு படி மேலே கோண்டோ கொண்டுசென்றதும், வெப்பநிலை குறையக் குறைய மடக்கை விதிப்படி வளரும் தடை கிடைத்தது.

ஆனால் அந்த விதி தனிச்சுழி வெப்பநிலையில் தடையை முடிவிலிக்குக் கொண்டுபோகிறது. என் கருத்தில், கோண்டோ நமக்குத் தந்த பெருங்கொடை இந்தக் குறைதான். அதைக் களையும் முயற்சியில், அணுவுக்கும் எலக்ட்ரான்களுக்கும் இடையிலான பிணைப்பு குளிரக் குளிர வலுவடைகிறது என்று 1970-இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் காட்டினார். வலுத்த பிணைப்பைச் சிறு திருத்தமாக எண்ணிக் கணக்கிட முடியாது. இன்னொரு இயற்பியலாளர் கென்னத் வில்சன் எலக்ட்ரான்களின் ஆற்றல்களை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்காகச் சேர்த்துக் கணினியில் தீர்த்தார். 1975-இல் வெளிவந்த அந்த விடை வியப்பூட்டுவது: கடுங்குளிரில் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் அணுவின் தற்சுழற்சியை முழுவதுமாக ஈடுசெய்துவிடுகின்றன, அதன் காந்தத்தன்மை மறைந்துபோகிறது. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய எச். ஆர். கிருஷ்ணமூர்த்தி, வில்கின்ஸ், வில்சன் ஆகியோருடன் சேர்ந்து இம்முறையை, உலோகத்தில் உள்ள காந்த அணுவை விவரிக்கும் ஆண்டர்சன் மாதிரிக்கு விரித்து 1980-இல் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் இத்துறையின் அடித்தளம்.

1998-இல் குறைகடத்தியில் செதுக்கிய குவாண்டம் புள்ளி எனும் நுண்ணிய எலக்ட்ரான் சிறையிலும் இந்தக் கோண்டோ விளைவு தென்பட்டது. அங்கே அது தலைகீழ்: குளிர்விக்கும்போது மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. புள்ளிக்குள் சிக்கிய எலக்ட்ரான் அதன் இருபுற மின்முனைகளையும் இணைக்கும் பாதையாகிவிடுகிறது.

இவற்றினும் விந்தை, ஒன்றோடொன்று கலக்காத இரு எலக்ட்ரான் கூட்டங்கள் ஒரே அணுவுக்குப் போட்டியிடும் நிலை. இரண்டும் சமவலிமை கொண்டால் எதுவும் வெல்லாது. எவ்வளவு குளிர்வித்தாலும் ஓர் என்ட்ரோப்பி எஞ்சும். அதை நிலைகளின் எண்ணிக்கையாகக் கணக்கிட்டால் ஒன்றும் வராது, இரண்டும் வராது; இரண்டின் வர்க்கமூலம் வரும்.