மீராஸும் வஸிய்யத்தும்: உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஒருவர் மவுத்தானால் அவருடைய சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வகுத்துவிட்டான். ஆகவே நாம் எழுதி வைக்க ஒன்றுமில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் கடன், கொடுக்காத மஹர், தந்தையை இழந்த பேரப்பிள்ளைகள் ஆகியவற்றுக்கு நாம் உயிரோடு இருக்கும்போதுதான் வழி செய்ய முடியும். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ளவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் போதித்ததை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

வரிசை

முதலில் ஜனாஸா செலவு. அடுத்து கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே. மூன்றாவது வஸிய்யத், மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு.

பேரப்பிள்ளைகளை மறவாதீர்

மீராஸில் பங்கு பெறுபவருக்கு வஸிய்யத் செல்லாது. மவுத்துக்குப் பின் மற்ற வாரிசுகள் சம்மதித்தால் மட்டுமே செல்லும். அது பங்கு கிடைக்காதவர்களுக்கான வழி. தந்தைக்கு முன்பே ஒரு மகன் இறந்து, வேறு மகன் உயிரோடு இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்கு தாத்தாவின் சொத்தில் மீராஸ் இல்லை. ஷரீஅத் அவர்களைக் கைவிட்டுவிட்டது என்று சொல்வது தவறு. அவர்களுக்காகவே மூன்றில் ஒரு பங்கு வரை தாத்தாவின் கையில் இருக்கிறது. அவர் எழுதாமல் போனால் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான்.

ஓர் உதாரணம். சொத்து 66 லட்சம். ஜனாஸா செலவும் கடனும் மஹரும் 6 லட்சம். மீதி 60 லட்சத்தில் இறந்த மகனின் பிள்ளைகளுக்கு 20 லட்சம் வரை வஸிய்யத் செய்யலாம். எஞ்சிய 40 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். பெற்றோர் உயிரோடு இல்லை என்றால், இரண்டு மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம்.

தோப்பிலும் மகளுக்குப் பங்கு உண்டு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சொத்து என்றால் வீடு மட்டுமல்ல. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, வயல், தறி, கடை எல்லாம் உண்டு. "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, நிலத்தில் என்ன பங்கு?" என்ற பேச்சை நாம் கேட்கிறோம். கல்யாணத்துக்குப் போட்ட நகை மீராஸில் கழியாது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தது. சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. எனவே நம் மாநிலத்தில் நிலத்துக்கும் ஷரீஅத் பங்கீடே சட்டம். மகள் தன் பங்கின் அளவை அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. விவரம் சொல்லாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது ஹராமான வழியில் பொருள் சேர்ப்பதாகும்.

ஹிபா

உயிரோடு இருக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதம் வேண்டும். ஹிபா முழுமையடைய மூன்று தேவை: கொடுப்பதாகச் சொல்வது, பெறுபவர் ஏற்பது, சொத்தை ஒப்படைப்பது. வாய்மொழி ஹிபாவும் செல்லும்; இதை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. ஆயினும் பிற்கால வழக்கைத் தவிர்க்க, பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே நல்லது.

நாமினி உரிமையாளர் அல்ல

வங்கிக் கணக்கில் நாமினி பணத்தைப் பெறுபவர் மட்டுமே. இன்சூரன்ஸ் பற்றியும் 1984இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்திருந்தது; ஆனால் 2015இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிக் கணக்கில் உள்ள பணமும் வாரிசுகளுக்குப் பங்கிடப்பட வேண்டும்.

இப்போதே செய்யுங்கள்

1. சொத்து, கொடுக்கல் வாங்கல், மஹர் பாக்கி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.
2. பட்டா, பத்திரம் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள்.
3. வஸிய்யத்தை இரண்டு சாட்சிகளுடன் எழுதுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது பாதுகாப்பு. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.
4. பங்கீட்டை ஆலிமிடமும், பத்திரத்தை வக்கீலிடமும் காட்டுங்கள்.

நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் அங்கே வாய்தாவுக்கு அலையாதிருக்க, தந்தை எழுதி வைக்கும் இரண்டு பக்கம் போதும். அல்லாஹ் நம் அனைவரையும் பிறர் உரிமையைப் பேணுபவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.