காலா கில்லா

காலா கில்லா, மும்பை தாராவியில் மித்தி ஆற்றையொட்டி உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சிறு காவற்கோட்டை. ரீவா கோட்டை எனவும் வழங்கும். வகையால் இது அரசிருக்கையோ குடியிருப்போ அன்று. மாகிம், சயான், சிவ்ரி கோட்டைகளோடு பம்பாய்த் தீவின் வட எல்லையைக் காத்த கண்காணிப்பு அரண்.

ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் (1669–1677) கட்டியதாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் கோட்டைச் சுவரில் பதித்த ஆங்கிலக் கல்வெட்டு, பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737-இல் கட்டப்பட்டதெனக் குறிக்கிறது. கல்வெட்டுச் சான்றையே ஏற்பது முறை. காலச்சூழலும் அதற்கு இசைகிறது: போர்ச்சுகீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்குள் மராத்தியர் படை புகுந்தது அதே ஆண்டில்; போர்ச்சுகீசியரின் வசாய் கோட்டை மராத்தியரிடம் வீழ்ந்தது 1739-இல். அன்று ஆற்றின் மறுகரையான சால்செட், கம்பெனிக்கு அயலாட்சிப் பகுதி.

இன்று கோட்டையை நெருக்கமான குடியிருப்புகள் சூழ்ந்துள்ளன. பராமரிப்பு போதாது. சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில், பழைய குப்பைமேட்டின் மீது உருவான மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அருகிலேயே இருப்பதால், தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பள்ளி மாணவர்கள் வரலாறு, சூழலியல் இரண்டையும் ஒரே நாள் கல்வி உலாவில் காணலாம். மாணவர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கல்வெட்டு.